குடியை நிறுத்துவதும் கல்லீரலைக் காப்பதும்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்கிறவர்களில் நாள்தோறும் குடிக்கும் பழக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஒரு மண்டலமாவது குடியைத் தொடாமல் இருக்கட்டும் என்று வீட்டுப் பெண்களே முன்னின்று மாலை போட வைப்பது எங்கள் கடலூர்ப் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பதுதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு என் அண்ணியும் அப்படித்தான் அண்ணனை மாலை போட வைத்தார். மறுநாள் விடியற்காலையில் குளிப்பதற்குக் கிணற்றடிக்குப் போன அண்ணன், வாளியைத் தூக்கியவர் அப்படியே வெட்டி இழுத்துக்கொண்டு கீழே விழுந்தார். முதல் நாள் மாலையிலிருந்தே அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்ததையும், பனிக்காலத்தில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். பார்த்தும் அதன் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. விரதத்தில் ஏதோ குறை வந்துவிட்டது, சாமி குத்தம் என்றார்கள். இருபது ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பிலிருந்து மதுவை ஒரே நாளில் எடுத்ததால் வந்த வலிப்பு அது என்று மருத்துவமனையில்தான் சொன்னார்கள். அங்கு எடுத்த சோதனைகளில், அவருடைய கல்லீரல் பாதிக்கு மேல் தழும்பாகிவிட்டது என்பதும் தெரிந்தது.

நான் மருத்துவன் அல்லன். ஒன்பது ஆண்டுகளாக அண்ணனோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அலைந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். குடியை எந்த நிலையில் நிறுத்தினாலும் கல்லீரலுக்குப் பயன் உண்டு. ஆனால் நிறுத்தும் முறை ஒன்று இருக்கிறது. நிறுத்திய பிறகு வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. இவை இரண்டும் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த விடியற்காலை நேர்ந்திருக்காது.

எவ்வளவு குடிக்கிறோம் என்ற கணக்கு

மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலானவர்கள் பொய் சொல்வதும் இதற்குத்தான். குவார்ட்டர், கட்டிங் என்ற அளவுகளைக் கிராமாக மாற்றிப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் இருக்கும் என்று பாட்டில் லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. அதில் பாதியான கட்டிங்கில் 30 கிராம். 650 மில்லி பீர் பாட்டிலில் 5 விழுக்காடு என்றால் 25 கிராம், ஸ்ட்ராங் பீரில் 8 விழுக்காடு என்றால் 40 கிராம். ஆண்கள் நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேலும் பெண்கள் 20 கிராமுக்கு மேலும் ஆண்டுக்கணக்கில் குடித்துவந்தால் கல்லீரல் நோய்க்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டிங்கிலேயே ஆண்களுக்கான எல்லை முடிந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த எல்லைக்கு உட்பட்டுக் குடித்தால் தீங்கில்லை என்றும் பொருள் கொள்ளக்கூடாது. உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்திருக்கிறது.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்க முடியும். எலுமிச்சைச் சாறும் மோரும் குளிர்ந்த நீரில் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்தவர் விடியற்காலை நான்கு மணிக்குத் துறைமுகத்தில் படகேறும்போதும் அவருடைய ரத்தத்தில் மது மிச்சம் இருக்கிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் கல்லீரலுக்கு ஓய்வு என்பதே கிடைப்பதில்லை.

விலை உயர்ந்த சரக்கு கெடுதல் செய்யாது, பீர் சூட்டைத் தணிக்கும், கள் இயற்கையானது, கறியும் மீனும் சேர்த்துச் சாப்பிட்டால் குடல் தாங்கும் என்பவை எங்கள் வீட்டிலும் பேசப்பட்டவைதான். டாஸ்மாக் கடையில் வாங்கினாலும், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கன்னியக்கோயிலில் குறைந்த விலைக்கு வாங்கினாலும், புதுச்சேரியில் உரிமம் பெற்ற சாராயக் கடையில் குடித்தாலும் உள்ளே போவது ஒரே எத்தனால்தான். கல்லீரலுக்குக் கணக்கு கிராமில் மட்டுமே.

திருட்டுச் சாராயத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால் என்ற வேறொரு நஞ்சு. குடித்த சில மணி நேரத்திலோ மறுநாளோ பார்வை மங்கினால், மூச்சு வாங்கினால், வயிறு கடுமையாக வலித்தால், போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

கல்லீரலுக்குள் நடப்பது

மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. மதுவைவிடக் கொடிய இந்தப் பொருள் அடுத்த கட்டத்தில் கேடற்ற அசிட்டேட்டாக மாறிவிடும் என்றாலும், நாள்தோறும் அதிகம் குடிப்பவரின் உடம்பில் அது தேங்கி ஈரல் செல்களைக் காயப்படுத்துகிறது. கொழுப்பை எரிக்கும் வேலையும் அதே நேரத்தில் தடைப்படுவதால், எரிக்கப்படாத கொழுப்பு கல்லீரலிலேயே படிகிறது. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று எழுதுவது இதைத்தான். நிறையக் குடிப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த நிலை வந்துவிடுகிறது. இதுவே முழுமையாக மீளக்கூடிய நிலையும்கூட. குடியை முற்றிலும் நிறுத்தினால் நான்கு முதல் ஆறு வாரங்களில் இந்தக் கொழுப்பு பெருமளவு கரைந்துவிடும். ஒரு மண்டலம் என்பது 41 நாள். மாலை போட்டவரின் கல்லீரல் உண்மையிலேயே அந்த விரதத்தில் தேறிவிடுகிறது. மலைக்குப் போய்வந்த கையோடு மறுபடி குடிக்கத் தொடங்கும்போதுதான் அத்தனையும் வீணாகிறது.

அடுத்த நிலை அழற்சி. சிலருக்குத் திடீரென்று மஞ்சள் காமாலை, காய்ச்சல், பசியின்மை, வயிறு உப்புதல் ஆகியவற்றோடு இது கடுமையாக வரும். கடுமையான மது ஈரல் அழற்சி சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. மூன்றாவது நிலைக்குச் சிரோசிஸ் என்று பெயர். வெட்டுக்காயம் ஆறிய இடத்தில் தழும்பு விழுவதுபோல, மறுபடி மறுபடி புண்பட்டு ஆறிய கல்லீரல் முழுவதும் தழும்பு பரவி இறுகிவிடுகிறது. குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் அந்த இறுகிய பகுதிக்குள் நுழைய முடியாமல், மதகடைத்த வாய்க்காலில் நீர் கரையேறி வழிவதைப் போலப் பக்கத்துக் குழாய்களில் ஏறுகிறது. உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து வெடிப்பதும், மண்ணீரல் வீங்குவதும், வயிற்றில் நீர் கோப்பதும் இதனால்தான். கல்லீரல் செய்ய வேண்டிய அல்புமின் என்ற புரதம் குறைவதால் காலில் நீர் இறங்குகிறது. ரத்தம் உறையத் தேவையான பொருள்கள் குறைவதால் ஈறில்கூட ரத்தம் கசிகிறது.

எல்லாக் குடிகாரர்களுக்கும் சிரோசிஸ் வருவதில்லை என்பது உண்மை; அதிகம் குடிப்பவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு வருகிறது என்று சொல்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. உடல் பருமன், சர்க்கரை நோய், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி கிருமி ஆகியவற்றில் ஒன்று கூடவே இருந்தால் கல்லீரல் இன்னும் வேகமாகக் கெடுகிறது. ‘அவர் எழுபது வயது வரை குடித்தார், ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொருவரைச் சுட்டுவதில் பொருளில்லை.

வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் கூடாது. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. என் அண்ணனுக்கு வலிப்பு வந்த நாள் வரை வயிற்று வலியும் இல்லை, காமாலையும் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 2’ என்று எழுதியிருந்ததை, எல்லோருக்கும் இருப்பதுதான் என்று ஸ்கேன் எடுத்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. அன்றைக்கே யாராவது குடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

செய்துகொள்ள வேண்டிய சோதனைகள்

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து குடிப்பவர் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், வயிற்று ஸ்கேன் ஆகிய நான்கையும் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குப் பெரிய செலவு ஆவதில்லை. அறிக்கையில் எஸ்ஜிஓடி என்ற எண் எஸ்ஜிபிடியைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் மதுவால் வந்த பாதிப்பாக இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். ஆனால் சிரோசிஸ் வந்த பிறகும் இந்த இரண்டு எண்களும் சரியாக இருக்கக்கூடும். ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடாது. தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பதும், அல்புமின் குறைவதும், ரத்தம் உறையும் நேரம் நீள்வதும்தான் உள்ளே தழும்பு இருக்கலாம் என்பதைச் சொல்பவை. தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவியால் கல்லீரலின் இறுக்கத்தை ஊசி குத்தாமல் அளந்து பார்ப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளையும் அதே நாளில் கேட்டுச் செய்துகொள்வது நல்லது; 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் இவற்றுக்குச் சோதனையும் மருந்தும் இலவசம்.

நிறுத்தும் நாள்

வாரத்துக்கு ஒருமுறை குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவரும், தினமும் ஒரு குவார்ட்டருக்கு மேல் குடிப்பவரும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும், கல்லீரல் நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவரும் மருத்துவரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, இல்லாத ஆளோடு பேசுவதும் சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவதும் கட்டிலை விட்டு எழுந்து ஓடுவதுமாக மனக்குழப்பம் வரலாம். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிருக்கு ஆபத்தானது; சிகிச்சை கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார்கள்; பி1 என்னும் தயமின் உயிர்ச்சத்தை ஊசியாகப் போடுவார்கள். குடிப்பவர் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும் என்பதால், அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தெருமுனைக் கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டு விடுங்கள்’ என்று நாமாகக் கேட்டு வாங்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் அதுபோலவே தவறு. கெட்டுப்போன கல்லீரலால் சில மாத்திரைகளைக் கழிக்க முடியாது. அவை உடம்பில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இன்னும் ஒன்று, இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். அவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், தெரியாமல் உண்டவர் வழக்கம்போல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்த மருந்து கல்லீரலையும் புண்ணாக்கக்கூடியது என்பதால் ஈரல் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். குடி வேட்கையைக் குறைக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. சிரோசிஸ் உள்ளவர்களுக்கும் மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கக்கூடிய பாக்லோஃபென் அவற்றுள் ஒன்று. எதுவானாலும் நோயாளியின் சம்மதத்தோடும் மருத்துவர் எழுதித் தந்தும் இருக்க வேண்டும். ஆற்றாமையில்தான் தாயும் மனைவியும் அந்தப் பொடியை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் வாங்கி வைத்திருந்தார்.

எங்கே போவது என்றால், கடலூரில் இருப்பவர்கள் அரசு தலைமை மருத்துவமனைக்கும், சிதம்பரம் பக்கத்தவர்கள் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், புதுச்சேரிக்காரர்கள் கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஜிப்மருக்கும் போகலாம். குடி சிகிச்சையை மனநலப் பிரிவிலும் ஈரல் சிகிச்சையை இரைப்பை குடல் பிரிவிலும் பார்ப்பார்கள். இரண்டு சீட்டும் வேண்டும். மனநலப் பிரிவு என்றதும் தயங்குகிறவர்கள் வீட்டிலிருந்தே டெலி மானஸ் எண்ணான 14416ஐயோ போதை மீட்பு உதவி எண்ணான 14446ஐயோ அழைத்துப் பேசிவிட்டுப் போகலாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகும்போது கன்னியக்கோயில் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் மாதங்களில் அண்ணனைத் தனியாக அனுப்பாமல், போகவும் வரவும் நானோ அண்ணியோ சன்னல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டோம். சிறிய வேலைதான், ஆனால் அந்த ஒரு நிறுத்தத்தில் மனம் மாறி இறங்கியவர்கள் உண்டு.

சமையலறையில்

காமாலை என்றாலே எண்ணெய், மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோர்ச்சோற்றிலும் இளநீரிலும் நோயாளியை வைக்கும் பத்தியம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. மதுவால் ஈரல் கெட்டவருக்கு இந்தப் பத்தியம் பெருங்கேடு. அவருடைய உடம்பு ஏற்கெனவே தசையை அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. புரதத்தையும் நிறுத்தினால் தொடையும் தோளும் வற்றி, வயிறு மட்டும் பெருத்து நிற்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், இரண்டு வேளை பருப்பும் ஒரு வேளை மீனும் இரண்டு முட்டையும் பாலும் தயிரும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிறையும். வஞ்சிரம் வாங்க முடியாவிட்டால் மத்தியும் நெத்திலியும் போதும்; குழம்பாக வைக்கலாம், எண்ணெயில் பொரிக்க வேண்டியதில்லை.

சிரோசிஸ் உள்ளவர் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது. நலமுள்ள கல்லீரல் இரவு முழுவதும் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுக்கும். இறுகிய கல்லீரலில் அந்தச் சேமிப்பு இல்லாததால் உடம்பு தசையைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது. படுக்கப் போகும் முன் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியோ, பாலும் இரண்டு இட்லியுமோ, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ சாப்பிட வேண்டும். விரதங்களுக்கும் இது பொருந்தும். கிருத்திகை விரதம் இருக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது அண்ணன் வருந்தினார். அண்ணி அவருக்காகத் தாமே அந்த விரதத்தை எடுத்துக்கொண்டார்.

வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எல்லாவற்றையும் சேர்த்து இருக்க வேண்டும். நம் ஊரில் இது கடினமான காரியம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பொட்டலத்தில் வரும் சிப்ஸ் ஆகியவற்றில் ஒன்று தட்டில் விழுந்தாலும் அன்றைய அளவில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். உப்புக்குப் பதிலாகப் புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றைக் கூட்டிச் சமைக்கலாம். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது, நீர் இறங்குவதற்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் அறிய வேண்டிய வேறொன்றும் உண்டு. கடல்நீரிலும் வேகாத சிப்பியிலும் இருக்கும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி நலமுள்ளவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது; சிரோசிஸ் உள்ளவருக்கு அதுவே ஓரிரு நாளில் ரத்தத்தில் நஞ்சாகப் பரவும். மீனும் நண்டும் நன்றாக வெந்திருக்க வேண்டும். காலில் புண் இருக்கும்போது கடலிலும் உப்பங்கழியிலும் இறங்கக்கூடாது. மீன்முள் குத்தி அந்த இடம் சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதேபோல, பூஞ்சை பிடித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கழுவி வறுத்துத் தின்னக்கூடாது. அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுமையாகப் போகாது. அது கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவிடுவது. காபி குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை காபி குடிப்பவர்களிடம் ஈரல் இறுக்கம் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரையைக் குறைத்துக் குடிக்கலாம். ஆனால் அது மதுவுக்கு மாற்று மருந்து அன்று.

மாத்திரையும் பச்சிலையும்

பாராசிட்டமால் பாதுகாப்பான மாத்திரை என்றாலும், நாள்தோறும் குடிப்பவரிடத்தில் அது நஞ்சாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. ஈரல் நோயுள்ளவர் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை சிரோசிஸ் உள்ளவர் அறவே தவிர்க்க வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு ரத்தக்கசிவையும் உண்டாக்கும்.

கீழாநெல்லியைப் பற்றிப் பேசாமல் காமாலையைப் பற்றிப் பேச முடியாது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், இந்தக் குடும்பத்து மூலிகை ஒன்று ஹெபடைட்டிஸ் பி கிருமியை ரத்தத்திலிருந்து நீக்குவதாக லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னால் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே ஆறிவிடுவது என்பதால் பச்சிலை குடித்தவருக்கும் ஆறுகிறது. மதுவால் வரும் காமாலை அப்படி ஆறுவதில்லை. பச்சிலை கொடுக்கும் இடத்துக்குப் போவதில் கழியும் மூன்று வாரங்கள்தான் பல உயிர்களைக் கொண்டுபோகின்றன. பெயர் தெரியாத சூரணங்களும், ஈரலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் பொடிகளும் தாமே ஈரலைப் புண்ணாக்கிய நிகழ்வுகள் உண்டு. குடும்பத்தார் அனைவரும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணையாகப் போட்டுக்கொள்வது இவற்றைவிடப் பயனுள்ளது.

நாள்காட்டித் தாள்

எங்கள் வீட்டில் நடக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அண்ணன் எடை பார்த்துக்கொள்வார். அந்த எடையை அவரே தினசரி காலண்டர் தாளில் எழுதி, கீழே தம் முழுப் பெயரையும் எழுத வேண்டும். எடை மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அறிந்து மருத்துவரிடம் போகிறோம்; எடை மிக வேகமாக இறங்கினால் நீர் மாத்திரை மிகுந்துவிட்டதா என்று கேட்கிறோம். பெயர் எழுதச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. கல்லீரல் கழிக்காத அமோனியா மூளைக்கு ஏறும்போது முதலில் குலைவது தூக்கம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். அதை அடுத்து எழுத்து குலையும். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், பெயரில் நடு எழுத்து ஒன்றை விட்டுவிட்டு எழுதினார். ‘ஏங்க, இன்னொரு தடவை எழுதுங்க’ என்று அண்ணி சொல்ல, மறுபடியும் அதே எழுத்து விடுபட்டது. இரண்டு நாளாக மலம் கழியவில்லை என்பது கேட்டபோதுதான் தெரிந்தது. மலம் தேங்கினால் அமோனியா கூடும் என்பதால், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தை நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போகும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று மதியத்துக்குள் மருத்துவமனையில் இருந்தோம், மாலைக்குள் தெளிந்துவிட்டார்.

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், பேச்சுக் குழறல், வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ, சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகிய எதுவும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டியவை அல்ல, 108தான் வழி. சிரோசிஸ் வந்தவர் குடியை விட்டு எத்தனை ஆண்டு ஆனாலும், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உணவுக்குழாய் நாளங்களை எண்டோஸ்கோப்பியில் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடக்கூடாது.

நிறுத்தியவர் மறுபடி குடித்துவிடுவதும் உண்டு. அண்ணன் இரண்டு முறை குடித்தார். ஒருமுறை அப்பா இறந்த பதினாறாம் நாள், ஒருமுறை காரணமே இல்லாமல். அப்போது வீட்டில் சோறு போடாமல் இருப்பதோ உறவுக்காரர்கள் முன் வைத்து அவமானப்படுத்துவதோ எந்தப் பயனும் தருவதில்லை. எத்தனை நாள் குடித்தார், எவ்வளவு குடித்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, நான்கைந்து நாளுக்கு மேல் தொடர்ந்திருந்தால் வீட்டிலேயே நிறுத்த வைக்காமல், பழைய சீட்டோடும் அந்த மாதத்து நாள்காட்டித் தாள்களோடும் அடுத்த நாள் காலையிலேயே அதே மருத்துவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். குடித்த நாள்களின் தாளிலும் அண்ணி எடையை எழுத வைத்திருந்தார். மருத்துவர் அன்று முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அவற்றைத்தான்.